நீரிழிவுடன் புற்றுநோய்ச் சிகிச்சையும் பெறுவோருக்கு இங்கிலாந்தில் உள்ள இலவசத் தடுப்பூசி உரிமைகள்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., வளர்ந்தோருக்கான தடுப்பூசிகளை அவரவர் வயதையும் நோய்நிலையையும் பார்த்தே இலவசமாக வழங்குகிறது. நீரிழிவு, புற்றுநோய் ஆகிய இரண்டும் ஒருவருக்கே இருந்தால், எந்த நோய் எந்தத் தடுப்பூசிக்கு உரிமை தருகிறது என்பதை அவரும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். நீரிழிவுக்காக மட்டும் கிடைக்காத இரண்டு முக்கியமான தடுப்பூசிகள் புற்றுநோய்ச் சிகிச்சையை முன்னிட்டுக் கிடைக்கக்கூடும். ஆனால் அவற்றுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரிய காலத்தில் வந்து சேர்வதில்லை. (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஏற்பாடுகள் தனித்தனியானவை என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.)

நீரிழிவுள்ள அனைவருக்கும், மாத்திரையின்றி உணவுக் கட்டுப்பாட்டிலேயே இருப்பவர்களுக்கும்கூட, ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா (ஃப்ளூ) தடுப்பூசி இலவசம். வளர்ந்தோருக்கு இது வழக்கமாக அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஜிபி (குடும்ப மருத்துவர்) நிலையங்களிலும் பல மருந்தகங்களிலும் போடப்படுகிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசிக்கு நீரிழிவின் பேரில் உரிமை பெற, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருக்க வேண்டும். இது ஆண்டுதோறும் போடும் ஊசி அன்று என்பதாலேயே பலரது நினைவிலிருந்து தப்பிவிடுகிறது. எந்த மாதத்திலும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கோவிட் தடுப்பூசியின் நிலை வேறு. 2024 இலையுதிர்காலம் வரை நீரிழிவுள்ளவர்களும் அதற்கு உரியவர்களாக இருந்தார்கள். 2025 இலையுதிர்காலத்தில் அந்த வட்டம் சுருங்கி, 75 வயதும் அதற்கு மேலும் ஆனோர், முதியோர் இல்லங்களில் வசிப்போர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோருக்கு மட்டும் என்றானது. ஆகவே, 58 வயதில் மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளி ஒருவருக்கு அந்தப் பருவத்தில் கோவிட் தடுப்பூசி இல்லை. அதே நபர் கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்தால் உண்டு.

அக்கி (ஷிங்கிள்ஸ்) நோய்க்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியும் இவ்வாறே. பொதுவாக 65 வயதுக்கு முன் கிடைக்காத இந்த ஊசி, நோயெதிர்ப்பு ஆற்றல் கடுமையாகக் குன்றியோருக்கு 2023 செப்டம்பரிலிருந்து 50 வயது முதலும், 2025 செப்டம்பர் 1 முதல் 18 வயதிலிருந்தும் வழங்கப்படுகிறது. அவர்களுக்கு இரண்டாவது ஊசி 8 வாரங்களுக்கும் 6 மாதங்களுக்கும் இடையில் போடப்படும். ஷிங்ரிக்ஸில் உயிருள்ள கிருமி கிடையாது. எனவே கீமோ எடுப்பவர்கள் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர்., மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளே இச்சிகிச்சைக் காலத்தில் விலக்க வேண்டியவை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்றுநோய் என்ற பெயர் மட்டும் இந்த உரிமையைத் தருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் கீமோதெரபி, கதிர்வீச்சு போன்ற சிகிச்சையை இப்போது பெறுகிறாரா, அல்லது கடந்த 6 மாதங்களுக்குள் பெற்றாரா என்பதே பொதுவாகப் பார்க்கப்படுகிறது. இரத்தப் புற்றுநோய்களுக்கு விதிகள் இன்னும் விரிவானவை. சிகிச்சையோ மருத்துவமனையில் நடக்கிறது. தடுப்பூசிப் பட்டியலோ ஜிபியின் பதிவேட்டைக் கொண்டு தயாராகிறது. அந்தப் பதிவில் நீரிழிவு பல ஆண்டுகளாக இருக்கும், கீமோ தொடங்கிய செய்தி இன்னும் ஏறியிருக்காது. அதனால் ஃப்ளூ ஊசிக்கான குறுஞ்செய்தி மட்டும் வந்து, மற்றவை வராமற்போகலாம். அழைப்புக்காகக் காத்திராமல், மருத்துவமனை தந்த கடிதத்தில் மருந்தின் பெயரும் சிகிச்சை தொடங்கிய தேதியும் இருக்கும் பக்கத்தை ஜிபி வரவேற்பு மேசையில் காட்டி, “எனக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கிறது, ஷிங்கிள்ஸ், கோவிட், நிமோனியா ஊசிகளுக்கு நான் உரியவரா என்று பாருங்கள்” என்று கேட்பதே நல்லது. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பிள்ளைகளைத்தான் அழைத்துவர வேண்டும் என்பதில்லை.

கூடுமானவரை, சிகிச்சை தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஊசிகளைப் போட்டுவிடுவது சிறந்தது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தொடங்கிவிட்டது என்றால், எந்த நாள் பொருத்தமானது என்பதைப் புற்றுநோய்க் குழுவே சொல்லும். கீமோவுடன் தரப்படும் ஸ்டீரொய்ட் மருந்துகள் ஏற்கெனவே சர்க்கரையை உயர்த்தியிருக்கலாம். தடுப்பூசிக்குப் பின் வரும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாட்களுக்கு அதை மேலும் ஏற்றலாம் என்பதால், அந்நாட்களில் வழக்கத்தைவிட அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கும் உரிமை உண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியவருடன் சேர்ந்து வாழும் துணைவர், வளர்ந்த பிள்ளைகள் ஆகியோர் தமக்கு எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஃப்ளூ ஊசியை இலவசமாகப் பெறலாம். பள்ளிக் குழந்தைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தில் வலுவிழந்த உயிருள்ள கிருமி உள்ளது. பெரும்பாலான வீடுகளில் இதனால் இடையூறு இல்லை. எலும்பு மச்சை மாற்றம் செய்து தனிமையில் வைக்கப்பட்டிருக்கும் அளவுக்கு எதிர்ப்பாற்றல் இழந்தவர் வீட்டில் இருந்தால், அதைப் பள்ளியின் தடுப்பூசிக் குழுவிடம் முன்கூட்டியே தெரிவித்துக் குழந்தைக்கு ஊசி வடிவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.