பொடியனுக்கு விழுந்த சீட்டு

யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசும் வீடுகளில் ஒரு கேள்வி மெல்லிய குரலில் வந்து விழும்: “தேப்பன் தவறணையே கதியெண்டு கிடந்த மனுசன். பொடியன் எப்பிடி இருப்பான்?” கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. குடிக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுவே காரணம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பொடியனுக்குக் கிடைத்தது மரபணு மட்டுமா? அந்த வீடு, அந்தச் சண்டை, அந்தக் கடன் எல்லாம் சேர்ந்துதானே கிடைத்தன. எது எதைச் செய்தது என்று எப்படிப் பிரிப்பது?

தகப்பனிடம் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. பிள்ளைக்குப் போவது ஒன்றுதான். எது என்பது சீட்டுக் குலுக்கல். அண்ணனுக்கு ஒன்று விழும், தம்பிக்கு மற்றது விழலாம். காசோ கூட்டாளிகளோ அந்தக் குலுக்கலில் கைவைக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் சீட்டை வைத்து ஆட்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

சீனாவில் 5 இலட்சம் பேரைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2019இல் வந்தது. கிழக்காசியர் பலருக்கு ஒரு மரபணு மாற்றம் உண்டு. அவர்கள் குடித்தால், மதுசாரம் உடைந்து உண்டாகும் அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப்பொருள் உடம்பில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். ஆகவே குறைவாகக் குடிப்பார்கள். வழமைபோல ஒப்பிட்டபோது அளவாகக் குடித்த ஆண்களுக்கே பாரிசவாதம் குறைவு. எங்கட ஊரிலும் “ஒரு பிளா கள்ளு உடம்புக்கு நல்லது” என்பார்களே, அதுபோல. மரபணுப்படி பிரித்ததும் அந்த நன்மை காணாமற்போனது: மதுசாரம் கூடக் கூட பிரஷரும் பாரிசவாதமும் கூடின. குடிக்காதவர்களில் வருத்தம் வந்து குடியை விட்டவர்களும் இருந்ததால், முதல் கணக்கு பிழைத்திருக்கலாம். அப்புறம் பெண்கள். அதே மரபணு அவர்களிடமும் உண்டு, ஆனால் அநேகமாகக் குடிப்பதில்லை. அவர்களுடைய பிரஷர் அந்த மரபணுவால் மாறவில்லை. குற்றவாளி மதுசாரம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

புகையிலையிலும் இதே கதை. மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 15ஆவதில், மூளையில் நிக்கொட்டினைப் பிடிக்கும் புரதமான ஏற்பிக்குரிய மரபணு இருக்கிறது. அதிலுள்ள ஒரு மாற்றத்தின் ஒவ்வொரு பிரதியும் புகைப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சிகரெட்டைக் கூட்டுகிறது. சுருட்டோ சிகரெட்டோ தொடாதவருக்கு அது எதையும் கூட்டாது.

சரி, பொடியனின் இரத்தத்தைச் சோதித்துச் சொல்லிவிடலாமா? முடியாது. இப்படிப்பட்ட மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகவே வேலை செய்கிறது. குடிக்கும் புகைக்கும் உரிய மரபணுக்களைத் தேடி 2022இல் 34 இலட்சம் பேரை வைத்து வெளியான ஆய்விலும் ஐந்தில் நாலு பங்கினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தக் கணக்கு எங்கட பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது.