அசதிக்கும் ஓர் அடிக்கோல்
“அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் ஒரு தாளை நீட்டி, போன வாரம் எவ்வளவு அசதி என்று டிக் அடிக்கச் சொன்னார்கள். இதெல்லாம் ஒரு சோதனையா?” ஒரு வாசகரின் கேள்வி.

சோதனைதான். ஹீமோகுளோபின் குறைந்தால் அசதி வரும், சரி. ஆனால் அதே அளவு உள்ள இருவரில் ஒருவர் வேலைக்குப் போய்வருவார், இன்னொருவர் கட்டிலை விட்டே எழமாட்டார். அந்த வித்தியாசம் எந்தக் குழாயிலும் சிக்காது. நோயாளியைத்தான் கேட்டாக வேண்டும்.

கேட்பது லேசு, பதிலை எண்ணாக்குவதுதான் கஷ்டம். 1989இல் வந்த சோர்வுத் தீவிர அளவுகோலில் 9 வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், கடைசியில் சராசரி. வாழ்க்கைத்தரத்துக்கான எஸ்.எஃப்.-36இல் 36 கேள்விகள், 8 பிரிவுகள். உடலுழைப்புக்கு ஐபேக் என்றொரு தாள் உண்டு. கடந்த 7 நாளில் நடந்த நிமிடங்களை 3.3ஆலும், கடும் உழைப்பின் நிமிடங்களை 8ஆலும் பெருக்குவார்கள்; சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்பதுதான் அந்த எண்கள். தினம் அரை மணி வீதம் 5 நாள் நடந்தால் 495. இடுப்பில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்தால் பலருடைய கணக்கு இறங்கிவிடுகிறது. பொய் என்று சொல்லமாட்டேன்; போன செவ்வாய்க்கிழமை எத்தனை நிமிடம் நடந்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வெறுமனே கூட்டுவதில் ஒரு கோளாறு இருக்கிறது. ‘மாடி ஏறினால் களைப்பு’ என்பதற்கும் ‘பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லை’ என்பதற்கும் ஒரே மதிப்பெண்ணா? இங்கேதான் டென்மார்க் கணிதவியலாளர் கேயார்க் ராஷ் வருகிறார். அவர் கையில் இருந்தது பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு. 1960இல் நூலாக வந்த அவருடைய யோசனை, எனக்கு இன்றும் அலுக்காத ஒன்று: ஆளையும் கேள்வியையும் ஒரே கோட்டில் நிறுத்து.

அந்தக் கோட்டில் மாடிக் கேள்வி தாழ்வாக நிற்கும், பல் தேய்க்கும் கேள்வி உயரத்தில். உங்கள் சோர்வும் கேள்வியும் ஒரே இடத்தில் இருந்தால் நீங்கள் ‘ஆம்’ சொல்ல வாய்ப்பு சரிபாதி. நீங்கள் ஒரு அலகு மேலே இருந்தால் 73 சதவீதம், இரண்டு அலகு என்றால் 88. ஆக ஒவ்வொரு கேள்வியும் அடிக்கோலில் ஒரு கோடு.

அப்படியானால் எல்லாரிடமும் எல்லாக் கேள்வியையும் கேட்பானேன்? பதில் முன்கூட்டியே தெரிகிற கேள்வி வீண். ஆமா இல்லையா என்று ஊசலாடும் கேள்விதான் தகவல் தரும். கேள்வி கேட்பதைக் கணினியிடம் விட்டால், அது கோட்டின் நடுவிலிருந்து தொடங்கும். ‘ஆம்’ என்றால் உயரமான கேள்விக்குத் தாவும், ‘இல்லை’ என்றால் இறங்கும். நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டேதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆதரவில் 2004இல் தொடங்கிய பிராமிஸ் திட்டம் இதே குடும்பத்துக் கணக்கை வைத்து ஓடுகிறது. சோர்வுக்கென்று 95 கேள்விகள் இருப்பில் இருக்க, ஒருவரிடம் கேட்பது 4 முதல் 12 வரைதான். இரண்டு நோயாளிகளுக்கு வேறு வேறு கேள்விகள் வந்தாலும் இருவரின் மதிப்பெண்ணையும் ஒப்பிடலாம். அமெரிக்கப் பொதுமக்களின் சராசரி 50 என்று வைத்த ஒரே கோல் அது.

புதுக் கருவி என்றால் கைதட்டிப் பணம் தருகிறார்கள். ஒரு கேள்வியை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோய், அங்கேயும் அது அதே உயரத்தில்தான் நிற்கிறதா என்று சோதிக்கும் வேலைக்குக் கை இறுகிவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. ‘களைப்பு’, ‘அசதி’, ‘சோர்வு’ மூன்றும் ஒன்றா, சொல்லுங்கள்?

வாசகர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் இவரே நிரப்பினாராம், பரவாயில்லையா? படித்துக் காட்டலாம், டிக்கும் அடிக்கலாம். பதில் மட்டும் அம்மாவுடையதாக இருக்கட்டும். வீட்டார் தாமாக நிரப்பும்போது, நோயாளி தானே சொல்வதைவிட நிலைமையை மோசமாகக் குறிப்பது வழக்கம். வலி, அசதி போன்ற கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில்தான் அந்த இடைவெளி அதிகம்.