முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள்

திருவாரூர்க்காரனான எனக்குத் தேர் என்றதும் வடம் பிடிக்கும் கூட்டம் நினைவுக்கு வருவதில்லை. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்துவரும் அந்தச் சிலர்தான் வருவார்கள். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இழுக்க ஆயிரக்கணக்கான பேர் உண்டு. ஆனால் ஆழித்தேர் நேராகப் போவதும் வீதி முனையில் திரும்புவதும் இந்தச் சிலர் சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டையால்தான். இந்தச் சக்கரத்தைப் பிடி, அந்தச் சக்கரத்தை விடு. இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டது, ஆனாலும் கட்டைக்கு ஓய்வில்லை. ஊர்ப்பேச்சில் முட்டுக்கட்டை போடுகிறவன் காரியத்தைக் கெடுப்பவன். தேரடியில் அவன்தான் வழிகாட்டி.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்கும் நிர்வாக ஆலோசனையுமாகப் பிழைக்கிறேன். நான் உள்ளே போய்ப் பார்த்த இடங்களில், கடையோ கம்பெனியோ கோயில் கமிட்டியோ, வடம் இழுக்க ஆள் பஞ்சம் இருந்ததில்லை. கட்டை போடத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஸ்டாங்கர் பக்கம் உறைநிலை உணவு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம். அப்பா தொடங்கியது, இப்போது அண்ணன் தம்பி இருவர் பார்க்கிறார்கள். என்னைக் கூப்பிட்டபோது வரவேற்பறையில் பொன்முலாம் சட்டகத்துக்குள் தொலைநோக்கு, நோக்கம், விழுமியங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் தொங்கின. டிராகன்ஸ்பர்க் மலையில் இரண்டு நாள் தங்கி எழுதினார்களாம். அதற்குக் கீழே 14 இலக்குகள். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

நான் எங்கே போனாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘ஒரே நேரத்தில் இரண்டு லாரி வந்து நிற்கிறது. ஒன்று பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு, இன்னொன்று தினமும் வாங்கும் சின்னச் சின்னக் கடைகளுக்கு. முதலாளி இல்லை, போனையும் எடுக்கவில்லை. எதில் முதலில் சரக்கு ஏற்றுவாய்?’ சரக்கு அனுப்பும் குமாஸ்தா சூப்பர் மார்க்கெட் என்றார். மேற்பார்வையாளர், முதலில் வந்தது முதலில் என்றார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஜூலுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு.” மூன்று பேரில் அவர் சொன்னதுதான் அந்த நிறுவனத்தின் உண்மையான கொள்கை. வீட்டில் ஜூலு பேசும் அவருக்கு, அலுவலக வாசலைத் தாண்டாத அந்த ஆங்கிலச் சட்டகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

(இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி என் சொந்த அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஏழே பேர், நான்கு விதமான பதில். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

2023-இல் மின்வெட்டில் நாடே தவித்தபோது அவர்களிடம் இருந்தது ஒரே ஜெனரேட்டர். எல்லாவற்றையும் அதால் தாங்க முடியாது. டீசல் விலையோ கேட்கவே வேண்டாம். ஒருநாள் இரவு அண்ணன்காரர் முடிவெடுத்தார்: முதலில் குளிர்அறை, அடுத்து பில் போடும் கம்ப்யூட்டர், அலுவலக ஏசி கிடையாது, தன் அறைக்கும் சேர்த்துத்தான். பிப்ரவரிப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்ட அவர் உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். இங்கே எது முக்கியம் என்று அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மலையில் இரண்டு நாள் உட்கார்ந்து செய்ய முடியாததை அந்த ஒரு முடிவு செய்துவிட்டது.

“இதுதான் உங்கள் திசை. இதிலிருந்து எழுதுங்கள்” என்றேன். சரக்கு கெடாமல், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு வரியை ஜூலுவிலும் எழுதி ஏற்றுமிடத்தில் மாட்டினார்கள். அது சுலபமான பகுதி. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. 14 இலக்குகளில் ஒன்று சில்லறைக் கடை திறப்பது, அது தம்பியின் ஆசை. குளிர்சாதன வண்டிகளைப் புதுப்பிக்கவும் கடை திறக்கவும் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. தம்பியிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல அண்ணனுக்கு மூன்று மாதம் ஆனது. நடுவில் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, மற்றவரிடம் நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். ஆலோசகன் போட்ட கட்டை அவன் காரில் ஏறியதும் உருவப்பட்டுவிடும். குடும்பத்தில் மூத்தவர் தன் வாயால் சொன்னால்தான் நிற்கும். கடைசியில் சொன்னார். சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி. இப்போது தம்பிதான் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் இந்த நாட்டில் நல்ல கையேடு ஒன்று உண்டு. முன்னாள் நீதிபதி மெர்வின் கிங் தலைமையில் 1994-இல் முதல் அறிக்கை வந்தது. நான்காவது 2016 நவம்பரில் வந்தது. நிர்வாகக் குழுவுக்கு அது கொடுப்பது நான்கே வேலை: திசையை வகுப்பது, அதற்கேற்ற கொள்கைக்கும் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, நடப்பதைக் கண்காணிப்பது, நடந்ததற்குக் கணக்குச் சொல்வது. சிறு நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் தனித்தனிப் பகுதிகளும் அந்த நான்காவது அறிக்கையில் இருக்கின்றன. கையேடு இருந்தால் போதுமா என்று கேட்டால், அரசு நிறுவனங்கள் சூறையாடப்பட்டதை விசாரித்த ஜோண்டோ ஆணையம் 2018 முதல் 2022 வரை உட்கார வேண்டியிருந்ததும் இதே நாட்டில்தான்.

அந்த நான்கையும் ஒரு கோயில் கமிட்டியிடம் வாசித்துக் காட்டினேன். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி இங்கே வந்தவர்கள், கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துத் தகரத்தாலும் பலகையாலும் எழுப்பிய கோயில்கள் இங்கே நிறைய. அந்த வழியில் வந்த கமிட்டி இது. உழைப்பில் குறை சொல்லவே முடியாது. ஆடிக் கஞ்சிக்குத் தலைவரே கரண்டி பிடித்து நிற்பார். ஆனால் ஓராண்டு நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாகத் தட்டு விவகாரம். எவர்சில்வரா, காகிதமா, யார் கழுவுவது. லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை பற்றி ஒரு வரிகூட இல்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகே என்னைத் தேடினார்கள்.

தட்டு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பதினொரு பேர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அதுவல்ல என்றேன். சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அம்மாக்களிடம் வருடத்துக்கு இவ்வளவு ராண்ட் என்று தொகையைக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் அவர்கள் என்ன வாங்கினாலும் கேள்வி கேட்காதீர்கள், தாண்டினால் மட்டும் கமிட்டிக்கு வரட்டும். கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் மூன்றே கேள்விக்கு: ஐந்து வருடம் கழித்து இந்தக் கோயிலுக்கு யார் வருவார்கள், அதற்காக இந்த வருடம் என்ன செய்கிறோம், எதைக் கைவிடுகிறோம். மூன்றாவது கேள்விக்கு அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிறு தமிழ் வகுப்பைப் பிழைக்க வைக்க, வருடாந்தர விருந்தை நிறுத்தலாம் என்று பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் சொன்னபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. அது இன்னும் முடிவாகவில்லை.

போன வாரம் தலைவர் போன் செய்தார். எழுபது தாண்டியவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“தம்பி, அந்த மூணு கேள்வியும் முடிச்சாச்சு. அறிக்கையும் அனுப்பியாச்சு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

“நல்லதுங்க ஐயா.”

“இப்ப தட்டு பத்திப் பேசலாமா?”