டேங்க்: குட்டையா, சுனையா, தொட்டியா?

'மாடுகள் தொட்டியில் இறங்கி நின்றன.' டெக்சஸைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அம்மாடி, எவ்வளவு பெரிய தொட்டி! மூலத்தில் இருந்த சொல் டேங்க். மாடு வளர்க்கும் மேற்கு டெக்சஸில், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடையின் குறுக்கே மண்கரை போட்டுக் கால்நடைகளுக்காகத் தேக்கும் நீருக்கு அதுதான் பெயர். நம் பேச்சில் குட்டை.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய 1:24,000 அளவு வரைபடத்தில் இது தெளிவாகத் தெரியும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் மேட்டுப் பக்கம் கூராக வளையும் இடம்தான் ஓடை. ஆண்டு முழுவதும் ஓடாததால் அதன் நீலக்கோடு விட்டுவிட்டுப் போகும். அந்தக் கோட்டில் துவரம்பருப்பு அளவில் ஒரு நீலத் திட்டு. ஒரு பக்கம் மட்டும் வெட்டியதுபோல் நேராக இருந்தால், அதுதான் கரை. அதே தாளில் எண்ணெய்க் கிணறுகளுக்கு அருகே கறுப்பு வட்டங்கள். அவையும் டேங்க்தான், ஆனால் கச்சா எண்ணெய் நிரப்பும் இரும்புத் தொட்டிகள்.

டெக்சஸின் எல் பாசோ நகருக்குக் கிழக்கே உள்ள ஹுவெகோ டேங்க்ஸ் வேறு வகை. ஹுவெகோ என்பது ஸ்பானிய மொழியில் குழிவைக் குறிக்கும். அங்கே பாறைக் குழிகளில் மழைநீர் தானாகத் தங்குகிறது. சுனை என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கும்போது வேறு எதற்கு?

சொல்லின் பிறப்பில்தான் வழக்கு இருக்கிறது. நீரைத் தடுத்து நிறுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த போர்த்துகீசியச் சொல் 'தாங்கே' என்பது ஒரு கட்சி. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் 'டாங்கி', 'டாங்கே' என்பது மறுகட்சி. இரண்டும் கலந்தே ஆங்கிலேயர் வாயில் நுழைந்திருக்கலாம். நம் ஏரி, குளம், கண்மாய், ஊருணி அத்தனையையும் அவர்கள் டேங்க் என்றே ஏட்டில் எழுதினார்கள். கோயில் குளமும் தப்பவில்லை. முதல் உலகப் போரில் இரும்புக் கவச வண்டியை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று பொய் சொல்லி அதற்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். நாளிதழ்களின் 'டாங்கி' அப்படி வந்ததுதான்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். காற்றாலை இறைக்கும் நீரைப் பிடித்துவைக்கும் வட்டமான தகரக் கலத்தையும் டெக்சஸ்காரர்கள் டேங்க் என்கிறார்கள். அங்கே தொட்டி என்பதே சரி. மாடு கழுத்தை நீட்டிக் குடிக்கும், இறங்கி நிற்காது.