6000 என்றால் எதில் 6000?

இயந்திரங்களின் அதிர்வை அளந்து, கோளாறு எங்கே என்று சொல்வது என் வேலை. ஒரு மோட்டாரில் சத்தம் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் வந்தவர் அதிர்வெண் வரைபடத்தில் 6000 என்ற இடத்தில் உயரமாக நின்ற ஒரு கோட்டைப் பார்த்திருக்கிறார். பேரிங் பழுதாகத் தொடங்கும்போது முதல் அறிகுறிகள் சில ஆயிரம் ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்குச் சில ஆயிரம் அலைவில், தெரிவது வழக்கம்தான். எனவே பேரிங் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். புது பேரிங் போட்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது.

வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அலகு ஹெர்ட்ஸ் இல்லை. நிமிடத்துக்கு இத்தனை அலைவு என்பது. மோட்டாரில் சுழலும் தண்டின் வேகத்தை நிமிடச் சுற்றில் சொல்வதால், ஒப்பிடச் சுலபம் என்று இந்த அலகை இன்னும் பலர் விடவில்லை. 6000-ஐ 60-ஆல் வகுத்தால் 100 ஹெர்ட்ஸ். மோட்டார் ஓடியது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில். மோட்டாருக்குள் காந்த இழுப்பு மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும், ஆக 100. கோளாறு பேரிங்கில் இல்லை, மின்சாரப் பக்கம் இருந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த மோட்டார் நிமிடத்துக்கு 2970 சுற்று ஓடியது. மோட்டாரின் தண்டும் அது ஓட்டும் இயந்திரத்தின் தண்டும் நேராக இணையாவிட்டால் தண்டு சுற்றும் வேகத்தின் இரு மடங்கில் அதிர்வு வரும்: 5940, அதாவது 99 ஹெர்ட்ஸ். 99-க்கும் 100-க்கும் ஒரே ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம். யாராவது 2970-ஐ "கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ்" என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் குறைந்தது ஒரு வினாடியாவது பதிவு செய்ய வேண்டும். நான் பல வினாடிகள் எடுப்பேன். அப்புறம் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு சட்டென்று விழுந்தது. தண்டு இணைப்பின் கோளாறாக இருந்தால் வேகம் குறையக் குறைய மெல்லத்தான் இறங்கியிருக்கும்.

ஆயிரம் மடங்கு தவறினால் விடை அபத்தமாக வந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பயம் 60 மடங்கு, 6 மடங்கு தவறுகள்மேல்தான். 100 ஹெர்ட்ஸில் 10 மைக்ரான் வீச்சுள்ள அதிர்வின் உச்ச வேகம் வினாடிக்கு 6.28 மில்லிமீட்டர். கணக்கில் 2π-ஆல் (சுமார் 6.28) பெருக்க மறந்தால் 1 மில்லிமீட்டர் என்று வரும். முதல் எண்ணைப் பார்த்தால் எழுந்து ஓடுவேன். இரண்டாவதைப் பார்த்தால் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடுவேன். இரண்டுமே நம்பும்படியான எண்கள்.

மில்லி, மெகா விஷயம் வேறு மாதிரி. ஆங்கிலக் குறியீட்டில் சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. இடையே நூறு கோடி மடங்கு. நம் எழுத்தில் பெரிது சிறிது என்ற பேதமே கிடையாது. அதனால் தமிழில் குறிப்பு எழுதும்போது "மெ", "மி" என்று சுருக்குகிறோம். ஒரு கொம்பு தவறினால் கதை முடிந்தது. 3 மில்லிஹெர்ட்ஸ் என்பது சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அதிர்வு. 3 மெகாஹெர்ட்ஸ் வயிற்றை ஸ்கேன் செய்யும் அல்ட்ராசவுண்ட். மனிதர் பார்த்தால் சிரித்துவிட்டுத் திருத்துவார். கோப்பிலிருந்து கோப்புக்குப் போகும் எண்ணை யார் பார்க்கிறார்கள்?

சந்தேகம் வந்தால் நான் அதிர்வெண்ணை நேரமாகத் திருப்பிப் பார்ப்பேன். கிலோ என்றால் ஓர் அலைவுக்கு மில்லிவினாடி, மெகா என்றால் மைக்ரோவினாடி, ஜிகா என்றால் நானோவினாடி. ஒரு நானோவினாடியில் ஒளியே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான் போகும். இவ்வளவு பெரிய இயந்திரம் அந்த நேரத்தில் ஒருமுறை அசைந்து திரும்புமா என்று கேட்டாலே பாதித் தவறு பிடிபடும்.

சரி, பூஜ்யங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று ஒரு தசம இடத்தோடு கொடுத்த எண்ணை 2,400,000,000 ஹெர்ட்ஸ் என்று விரித்து எழுதினால் ஏதோ கடைசி ஹெர்ட்ஸ் வரை அளந்ததுபோல் தோன்றும். உண்மையில் 50 மெகாஹெர்ட்ஸ் இப்படியோ அப்படியோ இருக்கலாம். சீசியம் அணுவின் 9,192,631,770 ஹெர்ட்ஸ் கதை வேறு: 1967-இல் வினாடியை வரையறுத்ததே அந்த எண்ணை வைத்துத்தான். அதில் கடைசிப் பூஜ்யம்கூட உண்மையான பூஜ்யம்.

இப்போது என் அறிக்கைகளில் அலகைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுகிறேன். 60-ஆல் வகுப்பதற்கு முந்தைய எண்ணையும் பக்கத்திலேயே விட்டுவைக்கிறேன். பக்கம் அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மோட்டாரிலிருந்து கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன், பட்டுபோல் சுற்றியது.