இம்பீச்மென்ட்: குற்றம் சாட்டுவதா, பதவியைப் பறிப்பதா?

2019 டிசம்பர் 18 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் இம்பீச் செய்யப்பட்டார். மறுநாள் காலையிலும் அவர்தான் அதிபர். அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர்தான். இம்பீச்மென்ட் என்றாலே பதவி நீக்கம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பதவி நீக்கத் தீர்மானம் என்று நாம் வழங்கிவரும் தமிழும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

லத்தீனில் பெடிகா என்றால் கால் விலங்கு. அதிலிருந்து பிறந்த இம்பெடிகாரே என்ற வினைக்குக் காலில் தளையிட்டுத் தடுப்பது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்றைய பிரெஞ்சில் எம்பெஷே என்றால் இப்போதும் தடுப்பதுதான். இங்கிலாந்தில் லத்தீனில் ஆவணம் எழுதியவர்கள், தாக்குதல், குற்றம் சாட்டுதல் என்று பொருள்படும் இம்பெடேரே என்ற வேறொரு சொல்லோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். குற்றஞ்சாட்டும் பொருள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பதவி நீக்கம் என்ற பொருள் இந்த வரலாற்றில் எங்கும் இல்லை.

1376இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் மன்னரின் அரண்மனை அதிகாரியான லாட்டிமர் பிரபு மீது இந்த ஆயுதத்தை எடுத்தது. மன்னர் மீது கை வைக்க முடியாது. மன்னரின் ஆட்கள் மீது வைக்கலாம். கீழவை குற்றம் சாட்டும், மேலவை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785இலேயே பதவியை விட்டு விலகிவிட்டார். அவர் மீது கீழவை குற்றம் சாட்டியது 1787இல். விசாரணை 1788இல் தொடங்கி 1795 வரை இழுத்து, கடைசியில் விடுதலையில் முடிந்தது. பறிப்பதற்குப் பதவியே இல்லாத ஒருவர் மீது நடந்ததும் இம்பீச்மென்ட்தான்.

அதே 1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஹேஸ்டிங்ஸ் விவகாரம் நன்றாகத் தெரியும். இம்பீச் செய்வதற்குத் தேசத்துரோகம், லஞ்சம் ஆகிய இரண்டு காரணங்கள் மட்டும் போதாது என்று சொன்ன, அவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசன், ஹேஸ்டிங்ஸையே எடுத்துக்காட்டி, நிர்வாகச் சீர்கேட்டையும் சேர்க்கச் சொன்னார். இவ்வளவு பொத்தாம்பொதுவான சொல்லைப் போட்டால் மேலவையான செனட்டின் தயவில்தான் அதிபர் காலம் தள்ள வேண்டியிருக்கும் என்று ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். கடைசியில் ‘தேசத்துரோகம், லஞ்சம், பிற பெருங்குற்றங்கள், தீயொழுக்கங்கள்’ என்ற அளவில் நின்றது. பெருங்குற்றம் எது என்று யாரும் வரையறுத்து வைக்கவில்லை. தண்டனைச் சட்டத்தில் இருக்கும் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கீழவையான பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் அதிபர் இம்பீச் செய்யப்பட்டவர் ஆகிறார். பதவி போக வேண்டுமென்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். 1998இல் கிளிண்டன், பிறகு டிரம்ப் இரண்டு முறை. இதுவரை செனட் ஒரு அதிபரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லோரும் உதாரணம் காட்டும் நிக்சன், சபை வாக்களிக்கும் முன்பே 1974இல் ராஜினாமா செய்துவிட்டார். கால வரம்பும் கிடையாது. டிரம்ப் மீதான இரண்டாவது தீர்மானம், பதவிக்காலம் முடிய ஒரு வாரமே இருந்தபோது, 2021 ஜனவரி 13இல் நிறைவேறியது. செனட் வாக்களித்தபோது அவர் பதவியிலேயே இல்லை. 57 பேர் குற்றவாளி என்றார்கள், தேவைப்பட்டது 67.

இந்தியாவில் குடியரசுத் தலைவருக்கு எதிராகச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றே ஒன்று: அரசமைப்பை மீறினார் என்பது. 61ஆவது பிரிவின்படி எந்த அவையிலும் தொடங்கலாம். நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பிறகு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில்; 543 பேர் கொண்ட மக்களவை என்றால் 362. அப்புறம் மற்ற அவை விசாரித்து, அதேபோல மூன்றில் இரண்டு பங்கோடு முடிவெடுத்தால் அந்த நாளிலேயே பதவி போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இங்கே வேலையில்லை. தேர்தலில் வாக்கில்லாத நியமன உறுப்பினர்களுக்கு இங்கே வாக்கு உண்டு. இதுவரை எந்தக் குடியரசுத் தலைவருக்கும் இந்த நிலை வரவில்லை.

தென் கொரியாவில் கதை வேறு. நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய உடனேயே அதிபரின் அதிகாரங்கள் முடங்கிவிடும். நீக்குவதா வேண்டாமா என்பதை அரசமைப்பு நீதிமன்றம் முடிவு செய்யும். 2004இல் ரோ மூ-ஹியூன் மீண்டும் நாற்காலிக்கு வந்தார். 2017இல் பார்க் குன்-ஹேயும், 2025இல் யூன் சுக்-யோலும் வீட்டுக்குப் போனார்கள். தளையிட்டு நிறுத்துவது என்ற பழைய லத்தீன் பொருள் இங்கேதான் அச்சாகப் பொருந்துகிறது.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு ஏடுகள் பதவி நீக்கத் தீர்மானம், கண்டனத் தீர்மானம் என்று எழுதுகின்றன. கண்டனம் என்பது வெறும் கண்டிப்பு. அதனால் யாருக்கும் பதவி போகாது. நம்பிக்கையில்லாத் தீர்மானமும் பொருந்தாது, அதற்குக் குற்றச்சாட்டே தேவையில்லை. இலங்கைத் தமிழர்கள் குற்றப்பிரேரணை என்கிறார்கள். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக முயன்று கைகூடாமல் போனதும், 2013இல் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவின் பதவியைப் பறித்ததும் குற்றப்பிரேரணைதான். என் ஓட்டும் அதற்கே. பிரேரணை வடசொல் என்று தயங்குபவர்கள் குற்றச்சாட்டுத் தீர்மானம் என்று எழுதலாம். பதவி நீக்கம் என்ற சொல்லை, பதவி நிஜமாகவே போகும் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீதிபதிகள் விஷயம் மட்டும் தலைகீழ். 1993இல் நீதிபதி வி. ராமசாமி, 2011இல் நீதிபதி சௌமித்ர சென் என இந்தியச் செய்திகளில் இம்பீச்மென்ட் என்ற சொல் அதிகம் அடிபட்டது நீதிபதிகளை வைத்துத்தான். ஆனால் அவர்களைப் பற்றிப் பேசும் 124ஆவது பிரிவில் அந்தச் சொல்லே கிடையாது. அங்கே சொல்லியிருப்பது நீக்குதல் மட்டுமே. அந்த இடத்தில் பதவி நீக்கத் தீர்மானம் என்று எழுதுவதுதான் சரி.