மரப்பலகைக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

வீணைத் தந்தியை அதன் நீளத்தில் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும், அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும். அதே கணக்கை நம்பி ஒரு மரப்பலகையைப் பாதியாக அறுத்துத் தட்டினால், சுருதி இரண்டு ஸ்தாயி ஏறியிருக்கும். வீட்டில் சைலோஃபோன், அதாவது மரப்பலகைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம், செய்ய உட்காருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. தந்தியை அதிரவைப்பது இழுவிசை. பலகையை யாரும் இழுத்துக் கட்டுவதில்லை. வளைத்தால் நிமிரப் பார்க்கும் அதன் விறைப்புதான் அங்கே வேலை செய்கிறது. அதனால் பலகையின் அதிர்வெண் தடிமனுக்கு நேர்த்தகவிலும், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவிலும் இருக்கிறது. அகலத்துக்கு இதில் அநேகமாகப் பங்கே இல்லை. கோல் தவறாமல் விழ இடம் வேண்டும், அவ்வளவுதான்.

எண்களில் பார்ப்போம். நெருக்கமான, காய்ந்த கடின மரத்தில் ரேகை ஓடும் திசையில் ஒலி விநாடிக்கு சுமார் 4,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2 செ.மீ. தடிமனும் 30 செ.மீ. நீளமும் உள்ள பலகை சுமார் 1,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே வேண்டுமென்றால் 42 செ.மீ. பலகை தேவை. ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரஸ்தானங்கள்; ஒவ்வொரு ஸ்தானம் ஏறும்போதும் நீளம் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். இது மரத்தை அறுப்பதற்கு உதவும் தோராயக் கணக்கு மட்டுமே. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு துண்டுகள்கூட ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், முடிச்சோ வெடிப்போ இருக்கக்கூடாது. ஈட்டியும் வேங்கை இன மரங்களும் இதற்குப் பேர்போனவை. முதல் முயற்சியிலேயே அவற்றில் கைவைப்பது வீண் என்பது என் எண்ணம். நன்றாகக் காய்ந்த எந்தக் கடின மரமும் போதும்.

பலகையை எங்கே தாங்குவது? தட்டியதும் நடுப்பகுதி மேலே எழும்போது இரு முனைகளும் கீழே போகின்றன. இடையில் அசையாத இரண்டு கோடுகள் இருக்கும். அவையே கணுக்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் அவை அமையும், 30 செ.மீ. பலகையில் 6.7 செ.மீ. உள்ளே. கயிறோ ரப்பரோ அங்கே தாங்கினால் ஒலி நீளும், வேறெங்கு தாங்கினாலும் ‘டக்’ என்று செத்துப்போகும். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் பலகையின் மேல் உப்பைத் தூவி, நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கலாம். உப்புத் துகள்கள் துள்ளித் துள்ளி அந்தக் கோடுகளில் போய்ச் சேரும். தகடுகளின் மேல் மணலைத் தூவி அதிர்வின் வடிவங்களை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி வெளியிட்டது 1787-இல். இது அதே உத்திதான்.

இதுவரை சொன்னதை வைத்துச் செய்த பலகை சரியான சுருதியில் ஒலிக்கும், ஆனாலும் காதுக்கு ஏதோ உறுத்தும். காரணம் மேற்சுரம், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலி. தந்தியின் மேற்சுரங்கள் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக ஏறும். சீரான தடிமன் கொண்ட பலகையில் அடுத்த அதிர்வு 2.76 மடங்கில் வருகிறது. பலகையை ஸட்ஜமம் என்று கொண்டால், இந்த ஒலி மேல் ஸ்தாயியின் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவே விழுகிறது. எந்த ராகத்துக்கும் உதவாத இடம்!

இதைச் சரிசெய்யத்தான் சைலோஃபோனிலும், அதன் குழைவான ஒலியுள்ள உறவான மரிம்பாவிலும் பலகைகளின் அடிப்புறத்தை வில்போலக் குடைகிறார்கள். முதல் அதிர்வில் பலகை மிக அதிகமாக வளைவது நடுவில். இரண்டாவது அதிர்வுக்கோ நடுவே ஒரு கணு. அங்கே வளைவே இல்லை. ஆகவே நடுவில் அடிப்புறம் மரத்தை எடுத்தால் அடிப்படைச் சுரம் வேகமாக இறங்கும், மேற்சுரம் கொஞ்சம்தான் அசையும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி விரிந்துகொண்டே போகும். 3 மடங்கில் நிறுத்தினால் மேற்சுரம் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். சைலோஃபோனின் கூர்மையான ஒலி இப்படி வருவது. 4 மடங்குவரை போனால் அது இரண்டு ஸ்தாயி மேலுள்ள ஸட்ஜமம்; மரிம்பாவின் குழைவு அதில் இருக்கிறது. மேற்சுரத்தை மட்டும் இறக்க வேண்டுமா, குடைவின் இரு ஓரங்களில், நடுவுக்கும் முனைக்கும் இடைப்பட்ட பகுதியில் அரத்தை ஓட்டவேண்டும். நடுவில் விரல் நுனியை லேசாக வைத்துக்கொண்டு முனைப்பக்கம் தட்டினால் அடிப்படைச் சுரம் அடங்கி மேற்சுரம் தனியாகக் கேட்கும்.

குடைவதில் ஆபத்து ஒன்று உண்டு. விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது; ஓரிடத்தில் தடிமனைப் பாதியாக்கினால் அங்கே விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். முடிவை நெருங்கும்போது உப்புத்தாளின் நாலு இழுப்பிலேயே சுருதி தாண்டிப்போகலாம். தாண்டிவிட்டால் முனைகளைச் சற்றுத் தேய்க்கலாம்: முனையில் விறைப்புக்கு வேலையில்லை, எடை மட்டும் குறைவதால் சுருதி ஏறும். ஆனால் அதனால் மீட்கக்கூடியது கொஞ்சமே. தாய்லாந்தின் பலகை வாத்தியமான ரனாத்தை வாசிக்கும் கலைஞர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஈயத்தூள் கலந்த மெழுகைப் பலகையின் அடியில் ஒட்டிச் சுருதியை இறக்குகிறார்கள். ஏற்ற வேண்டுமென்றால் சுரண்டி எடுத்தால் போதும். ஈயம் நஞ்சு என்பதால் வீட்டில் செய்பவர்கள் வெறும் மெழுகோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தேய்த்த சூட்டோடு சுருதியைப் பார்க்கக்கூடாது. மரம் சூடேறினால் சுரம் இறங்கிக் காட்டும், ஆறியதும் ஏறிவிடும். ஈரப்பதம் கூடினாலும் சுரம் தாழும். குடையும்போது கணுக்களும் முனைப்பக்கம் சற்று நகர்வதால், கயிற்றுக்கான துளைகளைக் கடைசியில் போடுவதே முறை.

ஒலி போதவில்லை என்றால் ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஒரு குழாய். ஒருபுறம் மூடிய குழாயின் நீளம், அந்தச் சுரத்தின் அலைநீளத்தில் கால் பங்கு: 523 ஹெர்ட்ஸுக்கு சுமார் 16.5 செ.மீ., அதிலிருந்து குழாயின் ஆரத்தில் 0.6 மடங்கைக் கழிக்கவேண்டும். ஒத்ததிர்வால் ஒலி பெருகும். ஆனால் பலகையில் இருக்கும் ஆற்றல்தான் காற்றுக்குப் போகிறது என்பதால், பெருகிய அளவுக்கு ஒலி சீக்கிரம் அடங்கும். இத்தகைய குழாய் ஒற்றைப்படை மடங்குகளுக்கே இசையும். சைலோஃபோனின் 3 மடங்கு மேற்சுரத்தை அது தூக்கிவிடும், மரிம்பாவின் 4 மடங்கைக் கண்டுகொள்ளாது.